நல்ல பாக்டீரியா மாத்திரையும் பெருங்குடல் புற்றுநோயும்

ஆசிரியருக்கு வணக்கம்.

உங்கள் நாளிதழின் நலவாழ்வுப் பக்கத்தில் பெருங்குடல் புற்றுநோய் பற்றி வந்த கட்டுரையைப் படித்தோம். குடலில் வாழும் பாக்டீரியாவுக்கும் இந்த நோய்க்கும் தொடர்பு உண்டு என்று தொடங்கியது சரி. சாப்பாடு அந்தத் தொடர்பை நல்ல பக்கமாகவோ கெட்ட பக்கமாகவோ திருப்பும் என்றதும் சரி. கடைசிப் பத்தியில், தினம் ஒரு புரோபயாட்டிக் (உயிருள்ள நல்ல பாக்டீரியா அடைத்த) கேப்சூலும் ஒரு மஞ்சள் சாற்று மாத்திரையும் போட்டுக்கொண்டால் நோய் அண்டாது என்று முடித்துவிட்டார்கள். முதல் இரண்டிலிருந்து இந்த மூன்றாவது வந்துவிடாது. ஏன் என்பதைக் குடல்நோய் மருத்துவத்திலும் உணவியலிலும் வேலை செய்கிறவர்கள் என்ற முறையில் சற்று விரிவாகவே எழுதுகிறோம். கடிதம் நீளும்; பொறுத்துக்கொள்ளுங்கள்.

2022இல் உலகம் முழுக்க ஏறத்தாழ 19 லட்சம் பேருக்குப் பெருங்குடல், மலக்குடல் புற்றுநோய் புதிதாகக் கண்டறியப்பட்டது. 9 லட்சம் பேர் இறந்தார்கள். புற்றுநோய்களில் எண்ணிக்கையில் இது மூன்றாவது, உயிரிழப்பில் இரண்டாவது. ஆனால் இது திடீரென்று முளைப்பதில்லை. குடலின் உள்தோலில் ஏபிசி என்ற மரபணு பழுதாகிச் சின்ன மொட்டுப் போல ஒரு பாலிப் எழும்புகிறது. பிறகு கேராஸ், டிபி53 என்று மற்ற மரபணுக்களும் ஒவ்வொன்றாகக் கெட்டு, அது புற்றாக மாறப் பெரும்பாலும் 10 ஆண்டோ அதற்கு மேலோ ஆகிறது. பெரும்பாலான பாலிப்கள் அந்த எல்லையை எட்டுவதே இல்லை. உணவுக்கு இந்த நோயில் வேலை இருப்பது இந்த நிதானத்தால்தான். மூன்று மாதம் மாத்திரை கொடுத்துப் பார்த்த ஆய்வு புற்றுநோயைப் பற்றி எதையும் நிரூபிக்க முடியாததும் இதனால்தான்.

இனி பாக்டீரியாவுக்கு வருவோம். நாம் தின்னும் நார்ச்சத்தும், செரிக்காத மாவுச்சத்தும் சிறுகுடலைத் தாண்டி அப்படியே பெருங்குடலின் தொடக்கத்தில் வந்து விழுகின்றன. அங்கே காத்திருக்கும் பாக்டீரியா அவற்றை நொதிக்க வைத்து அசிட்டேட், புரோபியோனேட், பியூட்டிரேட் என்று மூன்று சிறிய கொழுப்பு அமிலங்களை உண்டாக்குகின்றன. மூன்றில் அளவில் அதிகம் அசிட்டேட்தான். ஆனால் குடலின் உள்தோல் தேடுவது பியூட்டிரேட்டை. அந்தத் தோலின் செல்கள் தங்கள் சக்தியில் ஏறத்தாழ 70 சதவீதத்தைப் பியூட்டிரேட்டை எரித்துத்தான் பெறுகின்றன. புற்றுநோய்ச் செல்லுக்கு இந்தப் பழக்கம் போய்விடுகிறது. அது சர்க்கரையை நம்பி வாழ்கிறது. அதனால் பியூட்டிரேட் எரியாமல் அந்தச் செல்லின் கருவுக்குள் தேங்கி, மரபணுக்களைச் சுருட்டி வைக்கும் ஒரு நொதியைத் தடுக்கிறது. வளர்ச்சி நிற்கிறது, சில செல்கள் தாமாகவே மடிகின்றன. ஒரே பொருள் நல்ல செல்லுக்குச் சோறாகவும் கெட்ட செல்லுக்கு நஞ்சாகவும் ஆகும் இந்த வினோதம் ஆய்வகத்தில் திரும்பத் திரும்பக் காணப்பட்டது. மனிதக் குடலிலும் அதே அளவுக்கு நடக்கிறதா என்பது வேறு கேள்வி. ஆனாலும் இந்தத் துறையில் இருப்பதிலேயே உறுதியான இழை இதுதான்.

சரி, அந்தப் பியூட்டிரேட்டை யார் தயாரிக்கிறார்கள்? பீக்கலிபாக்டீரியம், ரோஸ்பூரியா, யூபாக்டீரியம் போன்ற இனங்கள். காற்றுப் பட்டாலே தாங்காத ஜீவன்கள் இவை. கேப்சூலில் அடைத்து அலமாரியில் வைக்கும் சரக்காக இவை பெரும்பாலும் வருவதில்லை. கடையில் கிடைக்கும் கேப்சூலில் இருப்பவை லாக்டோபேசில்லஸ், பிஃபிடோபாக்டீரியம் வகைகள். அவை பியூட்டிரேட் செய்வதில்லை. லாக்டேட்டும் அசிட்டேட்டும் செய்கின்றன. அவற்றை வாங்கிப் பியூட்டிரேட்டாக மாற்றும் இனங்கள் ஏற்கெனவே உங்கள் குடலில் இருந்தால்தான், அவற்றுக்கும் தீனி கிடைத்தால்தான், கேப்சூல்காரர்களின் உழைப்பு பயனுக்கு வரும். எண்ணிக்கையையும் பாருங்கள். ஒரு மனிதனின் உடலில் ஏறத்தாழ 38 லட்சம் கோடி பாக்டீரியா இருப்பதாகக் கணக்கு. அநேகமாக எல்லாமே பெருங்குடலில். 1,000 கோடி என்று கொட்டை எழுத்தில் போட்ட கேப்சூல் அந்தக் கூட்டத்தில் 3,800இல் ஒரு பங்கு.

ஊருக்குள் புதிதாக ஆள் அனுப்புவதைவிட இருக்கிறவர்களுக்குச் சாப்பாடு போடுவது வேகமாக வேலை செய்யும் என்பதற்கு 2015இல் வெளியான ஓர் ஆய்வு நல்ல சாட்சி. பெருங்குடல் புற்றுநோய் அதிகம் உள்ள ஆப்பிரிக்க அமெரிக்கர்கள் 20 பேர், அது மிக அரிதாக உள்ள தென்னாப்பிரிக்கக் கிராமத்தவர் 20 பேர். இரு தரப்பின் உணவையும் இரண்டே வாரம் மாற்றிப் போட்டார்கள். முதல் தரப்பின் நார்ச்சத்து நாளுக்கு 14 கிராமிலிருந்து 55 கிராமாக ஏறியது. கிராமத்தவரின் நார்ச்சத்து 66இலிருந்து 12 கிராமாக இறங்கியது, கொழுப்பு ஏறியது. முதல் தரப்பின் பியூட்டிரேட் இரண்டரை மடங்கானது. மற்றவர்களுடையது பாதியாகச் சரிந்தது. உள்தோலில் செல் பெருகும் வேகமும் அழற்சியும் அதே திசையில் மாறின. புற்றுநோய் குறைந்தது என்று இதற்குப் பொருளில்லை. ஒரு கேப்சூலும் இல்லாமல் 14 நாளில் குடலின் பட்டறையே மாறியது என்று பொருள்.

புரோபயாட்டிக்கை மனிதர்களிடம் பரிசோதிக்கவே இல்லையா என்றால், பரிசோதித்திருக்கிறார்கள். ஜப்பானில் ஏற்கெனவே பாலிப்கள் அகற்றப்பட்ட 398 பேரை நான்கு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்குக் கோதுமைத் தவிட்டு பிஸ்கட், ஒன்றுக்கு லாக்டோபேசில்லஸ் கேசை என்ற பாக்டீரியா, ஒன்றுக்கு இரண்டும், ஒன்றுக்கு எதுவுமில்லை என்று 4 ஆண்டு நடத்திய ஆய்வு 2005இல் வெளியானது. புதிய கட்டிகள் முளைத்தவர்களின் எண்ணிக்கையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. கேசை எடுத்தவர்களிடம் மோசமான தோற்றம் கொண்ட செல்கள் இருந்த கட்டிகள் குறைவாக இருந்தன. இது நம்பிக்கை தருவது. தவிடு தின்றவர்களிடம் பெரிய கட்டிகள் கூடுதலாக இருந்தன. இதை யாரும் விளம்பரத்தில் போடுவதில்லை. 2007இல் ஐரோப்பாவில் 80 பேருக்கு இனுலின் வகை நாரோடு இரண்டு பாக்டீரியா சேர்த்து 12 வாரம் கொடுத்தார்கள். குடல் பாக்டீரியாவும் சில அளவுகோல்களும் நல்ல திசையில் நகர்ந்தன. அவ்வளவுதான். ஒரு புரோபயாட்டிக் பெருங்குடல் புற்றுநோய் வருவதைக் குறைத்தது என்று காட்டிய பரிசோதனை இதுவரை ஒன்றுகூட இல்லை.

தயிருக்கு இதைவிடக் கொஞ்சம் மேலான சாட்சியம் இருக்கிறது. இத்தாலியில் 45,241 பேரை 12 ஆண்டு பின்தொடர்ந்ததில், தயிர் அதிகம் சாப்பிட்டவர்களுக்குப் பெருங்குடல் புற்றுநோய் சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைவாக இருந்தது. அமெரிக்காவில் 2020இல் வெளியான ஆய்வில் வாரம் இரு முறையாவது தயிர் சாப்பிட்ட ஆண்களுக்கு வழக்கமான பாலிப்கள் 19 சதவீதம் குறைவு; பெண்களிடம் அந்த வேறுபாடு இல்லை. தயிர் சாப்பிடுகிறவர்கள் பொதுவாகப் புகைப்பது குறைவு, நடப்பது அதிகம் என்ற சிக்கலும் உண்டு. கணக்கில் எவ்வளவு கழித்தாலும் அது முழுதாகக் கழியாது. பிடித்தால் சர்க்கரை சேர்க்காத தயிரைச் சாப்பிடலாம். அதில் உள்ள கால்சியத்துக்கும் பங்கு இருக்கலாம். பால் பொருள்கள் இந்தப் புற்றுநோய்க்கு எதிராக அநேகமாகக் காப்பளிக்கின்றன என்றே உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிதியத்தின் மதிப்பீடும் சொல்கிறது.

இவ்வளவுக்குப் பிறகும் வேறு காரணத்துக்காக, ஆன்டிபயாட்டிக்கால் வரும் வயிற்றுப்போக்குக்கு என்று வைத்துக்கொள்வோம், கேப்சூல் வாங்குகிறவர்கள் லேபிளில் பார்க்க வேண்டியதைச் சொல்லிவிடுகிறோம். "லாக்டோபேசில்லஸ்" என்பது குடும்பப் பெயர் மாதிரி. அதற்குப் பின்னால் இனப்பெயரும், அதற்கும் பின்னால் எழுத்தும் எண்ணுமாக ஒரு திரிபின் அடையாளமும் இருக்க வேண்டும். ஆய்வு நடந்தது அந்தத் திரிபில். அதன் ஒன்றுவிட்ட சகோதரனுக்கு அந்தச் சான்றிதழ் செல்லாது. உயிருள்ள எண்ணிக்கை "தயாரித்த நாளில்" என்று போட்டிருந்தால் நம்பாதீர்கள். காலாவதி நாள் வரை எவ்வளவு மிஞ்சும் என்று போட்டிருக்க வேண்டும். உலர வைத்து உறங்கும் இந்தக் கிருமிகளுக்கு எமன் ஈரம். பாட்டிலைக் குளியலறையிலும் அடுப்பருகிலும் வைத்தாலும், ஈர விரலால் எடுத்தாலும், உள்ளே இருக்கும் ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தைத் தூக்கி எறிந்தாலும் அவை சீக்கிரமே செத்துப்போகும். கேப்சூலைப் பிரித்துச் சூடான பானத்தில் கலந்தால் அந்த நிமிடமே கதை முடிந்தது. ஆன்டிபயாட்டிக்கோடு எடுத்தால் இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். சாக்கரோமைசிஸ் பவுலார்டி என்ற புரோபயாட்டிக் பாக்டீரியா அல்ல, ஈஸ்ட் என்பதால் அதற்கு மட்டும் இந்தத் தொல்லை இல்லை. நிறுத்திய சில நாள், சில வாரத்தில் வந்தவை வெளியேறிவிடும், பெரும்பாலும் குடியேறுவதில்லை. 2018இல் வந்த ஓர் ஆய்வில், ஆன்டிபயாட்டிக் முடித்தவர்களுக்கு 11 திரிபு கொண்ட புரோபயாட்டிக் கொடுத்தபோது, அவர்களுடைய சொந்தப் பாக்டீரியா திரும்பி வருவது தாமதமானது. எதுவும் கொடுக்காதவர்கள் அதைவிட விரைவில் தேறினார்கள்.

நல்ல பாக்டீரியா, கெட்ட பாக்டீரியா என்று கோடு போட்டுப் பிரிப்பதும் அவ்வளவு சுலபமில்லை. சில ஈ கோலை பாக்டீரியா கொலிபாக்டின் என்ற பொருளைச் சுரந்து மனித டிஎன்ஏவில் தனி அடையாளம் கொண்ட காயத்தை விட்டுச்செல்கின்றன. அந்தக் காயத்தின் தழும்பைப் பெருங்குடல் கட்டிகளில் 2020இல் கண்டறிந்தார்கள். நூறாண்டுக்கு மேல் புரோபயாட்டிக்காகப் பயன்பட்டுவரும் ஈ கோலை நிஸ்லே 1917 என்ற திரிபிலும் கொலிபாக்டின் செய்யும் மரபணுத் தொகுப்பு இருக்கிறது. அதைச் சாப்பிட்டவர்களுக்குப் புற்றுநோய் வந்தது என்று நாங்கள் சொல்லவில்லை. புற்றுநோயைத் தடுக்க என்று சொல்லி அதை எடுப்பதற்கு நியாயம் இல்லை என்கிறோம். வாயில் வாழும் ஃபியூசோபாக்டீரியம் நியூக்ளியேட்டம் பெருங்குடல் கட்டிகளுக்குள் கூட்டமாக இருப்பதும் பத்தாண்டுக்கு மேலாகத் தெரிந்த செய்தி. அதை விரட்டும் கேப்சூல் எதுவும் கிடையாது.

சிலர் புரோபயாட்டிக்கைத் தொடவே கூடாது. கீமோவில் வெள்ளணுக்கள் குறைந்திருப்பவர்கள், பெரிய ரத்தக் குழாயில் கதீட்டர் வைத்திருப்பவர்கள், தீவிர சிகிச்சையில் இருப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் எடுத்தால், "நட்பான" கிருமியே ரத்தத்தில் கலந்து உயிருக்கு உலை வைக்கலாம். நெதர்லாந்தில் கடுமையான கணைய அழற்சி நோயாளிகளிடம் நடந்து 2008இல் வெளியான பரிசோதனையில், புரோபயாட்டிக் கொடுக்கப்பட்டவர்களில் 16 சதவீதம் பேர் இறந்தார்கள்; வெற்று மருந்து கொடுக்கப்பட்டவர்களில் 6 சதவீதம். நோய் எதிர்ப்பைத் தூண்டும் சிகிச்சை பெற்ற மெலனோமா (ஒரு வகைத் தோல் புற்றுநோய்) நோயாளிகளைப் பற்றி 2021இல் வந்த ஆய்விலும், நார்ச்சத்து போதுமான அளவு சாப்பிட்டு, புரோபயாட்டிக் மாத்திரை எடுக்காதவர்களுக்கே பலன் நன்றாக இருந்தது. அது வேறு புற்றுநோய்தான். ஆனாலும் "எதற்கும் இருக்கட்டும்" என்று சிகிச்சைக்கு நடுவே கேப்சூல் வாங்கிக் கொடுக்கும் உறவினர்கள் அறிந்திருக்க வேண்டியது.

அடுத்தது இயற்கைச் சேர்மங்கள். கட்டுரை மஞ்சளைப் புகழ்ந்ததால் அதையே எடுத்துக்கொள்வோம். 2006இல் பரம்பரையாக நூற்றுக்கணக்கில் பாலிப் வரும் நோயுள்ள 5 பேருக்கு மஞ்சளின் முக்கியச் சேர்மமான குர்குமின் 480 மில்லிகிராமும், குவர்செட்டின் என்ற இன்னொரு தாவரச் சேர்மம் 20 மில்லிகிராமும் நாளுக்கு மூன்று வேளை கொடுத்தார்கள். சராசரியாக 6 மாதத்தில் பாலிப்களின் எண்ணிக்கை 60 சதவீதம் குறைந்தது. இணையத்தில் சுற்றுவது இந்த ஆய்வுதான். ஒப்பிடத் தனிக் குழு அதில் கிடையாது. அதே ஆராய்ச்சியாளர்கள் பிறகு ஒழுங்காக, 44 பேரிடம், பாதிப் பேருக்கு வெற்று மருந்து கொடுத்து, நாளுக்கு 3 கிராம் குர்குமின் என்று 12 மாதம் நடத்திப் பார்த்தார்கள். எண்ணிக்கையிலும் இல்லை, அளவிலும் இல்லை. ஒரு வேறுபாடும் இல்லை. 2018இல் அவர்களே அதை வெளியிட்டார்கள். அந்த நேர்மைக்கு ஒரு கும்பிடு. ஆனால் விளம்பரங்கள் 2006ஐத் தாண்டி வருவதாகக் காணோம்.

இன்னொரு கணக்கும் போட்டுப் பாருங்கள். மஞ்சள் தூளில் குர்குமின் எடையில் ஏறத்தாழ 3 சதவீதம். 3 கிராம் குர்குமின் வேண்டுமென்றால் நாளுக்கு 100 கிராம் தூள் தின்ன வேண்டும். ஆகவே சமையலில் போடும் சிட்டிகையை இந்த ஆய்வுகளோடு முடிச்சுப் போடவே முடியாது. குர்குமின் ரத்தத்தில் சேராது என்பதற்காக மாத்திரைகளில் மிளகின் பைப்பரினைச் சேர்க்கிறார்கள்; 1998 ஆய்வொன்றில் 20 மில்லிகிராம் பைப்பரின் சேர்த்ததும் ரத்தத்தில் குர்குமின் 20 மடங்கானது உண்மை. பெருங்குடலைக் காக்க வேண்டுமென்றால் சிறுகுடலில் உறிஞ்சப்படாமல் கீழே போய்ச் சேர்வதல்லவா நல்லது? இங்கே சரக்கை நடுவழியிலேயே இறக்கிக் கல்லீரலுக்கு அனுப்புகிறார்கள். கல்லீரலுக்கும் அது இதமாக இல்லை. மஞ்சள் மாத்திரை, அதிலும் பைப்பரின் சேர்த்தது, கல்லீரல் அழற்சியை உண்டாக்கிய நிகழ்வுகள் பல நாடுகளில் பதிவாகியுள்ளன. ரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர்களும், உறுப்பு மாற்று சிகிச்சைக்குப் பின் மருந்து எடுப்பவர்களும் பைப்பரினைத் தொட வேண்டாம். மருந்தின் அளவையே அது மாற்றிவிடும்.

பச்சைத் தேயிலைச் சாறும் இப்படித்தான். ஜெர்மனியில் பாலிப் அகற்றிய 879 பேரிடம் 3 ஆண்டு, தேயிலையின் முக்கியச் சேர்மமான இஜிசிஜி 150 மில்லிகிராம் அல்லது வெற்று மருந்து நாளுக்கு இரு வேளை. மீண்டும் பாலிப் வந்தவர்கள் சாறு எடுத்தவர்களில் 51.1 சதவீதம், வெற்று மருந்து எடுத்தவர்களில் 55.7 சதவீதம், தற்செயலாகவே வரக்கூடிய வேறுபாடு. மாத்திரையாக 800 மில்லிகிராமும் அதற்கு மேலும் எடுத்தால் கல்லீரல் நொதிகள் ஏறுவதாக ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018இல் எச்சரித்தது. தேநீராகக் குடிப்பதில் இந்தப் பயம் இல்லை.

பூண்டும் முட்டைக்கோஸ் குடும்பமும் சமைக்கும் முறையால் பாழாகின்றன என்பதால் அதை மட்டும் சொல்கிறோம். பூண்டில் பலன் தருவதாகச் சொல்லப்படும் அல்லிசின் என்ற சேர்மம் ஆயத்தமாக இருப்பதில்லை. நசுக்கும்போது ஒரு நொதி வெளிப்பட்டு அல்லின் என்ற பொருளை அல்லிசினாக்குகிறது. நசுக்கிய கையோடு சூடான எண்ணெயில் போட்டால் நொதி செத்துப்போகும். முழுப் பல்லாகப் போட்டால் வேலையே தொடங்காது. நசுக்கி 10 நிமிடம் தட்டில் வைத்திருந்து பிறகு சமைத்தால் ஓரளவு மிஞ்சும். பிரோக்கோலி, முட்டைக்கோஸ் வகையில் சல்ஃபோரபேன் என்ற சேர்மத்துக்கும் இதே கதை: நறுக்கிக் கொஞ்ச நேரம் வைத்து, ஆவியில் 3 நிமிடம் அளவில் வாட்டினால் போதும், கொதிநீரில் குழைய விட்டால் நொதி போய், பாதிச் சத்து வடிநீரில் போகும். இவை புற்றுநோயைத் தடுக்கும் என்று மனிதப் பரிசோதனையில் நிலைநாட்டப்படவில்லை. காய்கறி எப்படியும் சாப்பிடப் போகிறோம், ஒழுங்காகச் சமைப்போமே என்பதுதான்.

"இயற்கைதானே, கெடுதல் என்ன வந்துவிடும்?" என்று கேட்பவர்களுக்கு இரண்டு பதில் இருக்கின்றன. பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்களுக்கு நாளுக்கு 20 மில்லிகிராம் பீட்டா கரோட்டின் கொடுத்தார்கள். 1994இல் முடிவு வந்தபோது நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடியிருந்தது. பாலிப் அகற்றியவர்களுக்கு நாளுக்கு 1 மில்லிகிராம் ஃபோலிக் அமிலம் கொடுத்த பரிசோதனை 2007இல் வெளியானது. பாலிப் குறையவில்லை, நாள்பட்ட கண்காணிப்பில் முற்றிய வகைப் பாலிப்கள் கூடுதலாகக் காணப்பட்டன. புதிதாகப் பிரியும் செல்லுக்குக் கொடுக்கும் சத்து, ஏற்கெனவே தறிகெட்டுப் பிரியும் செல்லுக்கும்தான் போய்ச் சேர்கிறது.

எலி ஆய்வுகளைப் படிக்கும்போதும் இரண்டு விஷயம் கவனியுங்கள். பரவலாகப் பயன்படும் ஏபிசி குறைபாடுள்ள சுண்டெலிக்குப் பாலிப் வருவது பெரும்பாலும் சிறுகுடலில், மனிதனுக்கோ பெருங்குடலில். சுண்டெலிக்குக் கொடுத்த அளவை மனித எடையால் அப்படியே பெருக்கக் கூடாது. ஒரு கிலோவுக்கு இத்தனை மில்லிகிராம் என்பதை ஏறத்தாழ 12ஆல் வகுக்க வேண்டும்.

நார்ச்சத்துக்கும் நாங்கள் கொடி பிடிக்கப் போவதில்லை. 2000இல் அடுத்தடுத்து வந்த இரண்டு அமெரிக்கப் பரிசோதனைகளில், ஒன்றில் 2,079 பேர், மற்றொன்றில் 1,429 பேர், நார் கூட்டியும் பாலிப் திரும்ப வருவது குறையவில்லை. அதே ஆண்டு ஐரோப்பாவில் நாளுக்கு 3.5 கிராம் இசப்கோல் உமி கொடுத்த பரிசோதனையில் பாலிப் திரும்புவது அதிகரிக்கவே செய்தது. ஏற்கெனவே பாலிப் வந்தவர்களிடம் மூன்று நான்கு ஆண்டு மட்டும் பார்த்தது ஒரு காரணமாக இருக்கலாம். தனியாகப் பிரித்தெடுத்த நாரும் முழு உணவும் ஒன்றில்லை என்பது இன்னொன்று. நெடுங்காலம் லட்சக்கணக்கானவர்களைப் பின்தொடர்ந்த ஆய்வுகளில் முழுத்தானியமும் உணவில் இயல்பாக உள்ள நாரும் அதிகம் சாப்பிட்டவர்களுக்கு இந்த நோய் தொடர்ந்து குறைவாகவே இருக்கிறது. நாளுக்கு 90 கிராம் முழுத்தானியத்துக்கு 17 சதவீதம் என்பது அவற்றின் தொகுப்பு. மலச்சிக்கலுக்கு இசப்கோல் எடுப்பவர்கள் பயந்து நிறுத்த வேண்டியதில்லை. புற்றுநோய் தடுப்பு என்று சொல்லி நார் பொடி டப்பா வாங்க வேண்டாம்.

உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் குறைந்த அளவு, உணவில் இயல்பாக உள்ள நார் நாளுக்கு 25 கிராம். வேகவைத்த பயறு, பருப்பு, கடலை வகை 150 கிராமில் 11 கிராம். முழுக்கோதுமை மாவோ ஓட்ஸோ 90 கிராமில் 9 கிராம். காயும் பழமுமாக 400 கிராமில் 8 முதல் 10 கிராம். கூட்டினால் 28 வந்துவிடும். இப்போது 10 கிராமில் இருப்பவர் ஒரே நாளில் இதற்குத் தாவினால் வயிறு உப்பி, வாயு பிரிந்து, நான்காம் நாள் எல்லாவற்றையும் கைவிட்டுவிடுவார். வாரத்துக்கு 5 கிராம் கூட்டுங்கள். தண்ணீரையும் கூட்டுங்கள், இல்லாவிட்டால் மலம் இறுகும். பயறை ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, வேறு தண்ணீரில் வேகவைத்தால் வாயு குறையும். நாரை ஒரே மூலத்திலிருந்து எடுக்க வேண்டாம் என்பதற்கும் காரணம் இருக்கிறது. இனுலின் போன்று சட்டென நொதிப்பவை பெருங்குடலின் வலப்பக்கத்திலேயே தீர்ந்துவிடும். கட்டிகளில் பாதிக்கு மேல் வருவது இடப்பக்கத்திலும் மலக்குடலிலும். அங்கே வரை தீனி போய்ச் சேர, மெல்ல நொதிக்கும் தானிய நாரும், சமைத்து ஆறிய மாவுச்சத்தும் கூட வர வேண்டும். குடல் சுருங்கி அடைப்பு உள்ளவர்களும், அண்மையில் குடல் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களும் மருத்துவரைக் கேட்காமல் நார் கூட்டக் கூடாது.

சேர்ப்பதைவிடக் குறைப்பதற்குச் சாட்சியம் வலுவாக இருக்கிறது. பதப்படுத்திய இறைச்சி மனிதனுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 2015இல் முதல் பிரிவில் சேர்த்தது. நாளுக்கு ஒவ்வொரு 50 கிராமுக்கும் ஆபத்து 18 சதவீதம் கூடுகிறது. 18 என்றதும் மிரள வேண்டாம்: வாழ்நாளில் 100 பேரில் 5 பேருக்கு வரும் இடத்தில் அது 6 ஆகும். மது, உடல் பருமன், புகை, உட்கார்ந்தே இருப்பது ஆகியவற்றைப் பற்றி உங்கள் கட்டுரை ஒரு வரிகூட எழுதவில்லை. ஒரு கேப்சூலுக்கு இரண்டு பத்தி கிடைத்தது.

அதைவிடப் பெரிய விடுபடல் பரிசோதனை. பாலிப்பைப் பார்த்து அகற்றிவிட்டால் அது புற்றாக மாற வழியில்லை. இந்த நோயில் தடுப்பு என்ற சொல்லுக்கு முழுப் பொருள் கிடைப்பது அங்கேதான். சராசரி ஆபத்து உள்ளவர்களுக்குப் பல வழிகாட்டுதல்கள் 45 அல்லது 50 வயதில் தொடங்கச் சொல்கின்றன. பெற்றோருக்கோ உடன்பிறந்தவருக்கோ வந்திருந்தால் 40 வயதில், அல்லது அவருக்கு வந்த வயதுக்கு 10 ஆண்டு முன்பே, எது முந்தியதோ அப்போது. மலத்தில் மறைந்துள்ள ரத்தத்தைக் காணும் ஃபிட் பரிசோதனையை ஆண்டுக்கு ஒரு முறை செய்யலாம். மனித ரத்தத்தை மட்டுமே அது பிடிப்பதால் சாப்பாட்டில் பத்தியம் தேவையில்லை. முடிவு பாசிட்டிவ் என்றால் அடுத்தது கொலனோஸ்கோபிதான், அதாவது கேமரா உள்ள குழாயைப் பெருங்குடலுக்குள் விட்டுப் பார்ப்பது. இன்னொரு முறை ஃபிட் செய்து, அது நெகட்டிவ் என்றதும் நிம்மதியாகிவிடுவது நாங்கள் அடிக்கடி காணும் தவறு. பாலிப் தினமும் கசிவதில்லை. மலத்தில் ரத்தம் தெரிந்தாலோ, மலம் போகும் பழக்கம் சில வாரமாக மாறியிருந்தாலோ, காரணம் புரியாத இரும்புச்சத்துக் குறைவு இருந்தாலோ வயதையும் பார்க்க வேண்டாம், ஃபிட்டையும் எதிர்பார்க்க வேண்டாம். மூலம்தான் என்று நீங்களே முடிவு செய்யவும் வேண்டாம்.

கொலனோஸ்கோபிக்கு நாள் குறித்தவர்களுக்கு ஒரு வார்த்தை. நார்ச்சத்தைப் பற்றி இவ்வளவு எழுதிய நாங்களேதான் சொல்கிறோம்: முந்தைய 2, 3 நாள் பயறு, தவிடு, விதையுள்ள பழம், தோலுள்ள காய் எதுவும் வேண்டாம். விதைகள் கருவியின் உறிஞ்சும் குழாயை அடைத்துக்கொள்ளும். மிச்சமிருக்கும் நார் ஒரு தட்டையான பாலிப்பை மூடிவிடும். இரும்பு மாத்திரையை ஒரு வாரம் முன்பே நிறுத்துவது பற்றியும் கேட்டுக்கொள்ளுங்கள். அது மலத்தைக் கறுப்பாகவும் பசை போலவும் ஆக்கிவிடும். குடல் சுத்தம் செய்யும் மருந்தைப் பாதி முந்தின மாலையும், மீதிப் பாதி பரிசோதனைக்கு 4 முதல் 6 மணி நேரம் முன்பும் குடியுங்கள். முழுவதையும் முந்தின இரவே குடித்து முடித்தால் காலைக்குள் வலப்பக்கக் குடலில் மறுபடி மஞ்சள் படலம் படிந்துவிடும்.

இப்படிக்கு,
குடல்நோய் மருத்துவர்களும் உணவியலாளர்களும்